எல்லா மெஷினுக்கும் ஒரே என்.எஃப்.எஸ்: மாட்டியவர்கள் சொல்லுங்கள்

பாளை_சர்வர்:
பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும் வேலை, ஆபீஸ் பாளையங்கோட்டையில். கிளவுடில் மெஷின்களைக் கூட்டிக்கொண்டே போனோம், எல்லாம் ஒரே என்.எஃப்.எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் முறை) சர்வரை மவுண்ட் பண்ணியவை, அதாவது சொந்த டிஸ்க் போல இணைத்துக்கொண்டவை. ஒரு ராத்திரி மொத்தமும் நின்றுவிட்டது. சிபியு சும்மா கிடக்கிறது, காத்திருக்கும் வேலைகளையும் சேர்த்துக் காட்டும் லோடு ஆவரேஜ் மட்டும் ஏறுகிறது. டிஸ்கில் இடம் பார்க்கும் டி.எஃப் கட்டளையை அடித்தேன், பதிலே இல்லை. அதை நிறுத்தக் கண்ட்ரோல் சி அடித்தேன், அதற்கும் பதில் இல்லை. எந்த மெஷினுக்குள் போனாலும் அதே கதை. அந்தத் திரை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வண்ணாரப்பேட்டை:
அண்ணாச்சி, என்.எஃப்.எஸ் மேல் பழி போடாதீர்கள். சர்வர் திரும்பி வரும்வரை காத்திருப்பதுதான் ஹார்ட் மவுண்ட், கொஞ்ச நேரம் பார்த்துப் பிழை சொல்லிக் கைவிடும் சாஃப்ட் மவுண்ட் போட்டிருந்தால் பாதி எழுதிய ஃபைலோடு அழுதிருப்பீர்கள். எங்களுக்கு வந்தது வேறு வம்பு: ஒரு மெஷின் எழுதி முடித்த ஃபைலை அடுத்த மெஷின் இல்லவே இல்லை என்றது. டைரக்டரி விவரத்தை லினக்ஸ் 30 முதல் 60 வினாடி வரை கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்கிறது, அதற்குள் கேட்டால் பழைய பதில்தான்.

கங்கைகொண்டான்_கிளவுட்:
இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். நாங்கள் அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3க்கு மாறினோம். பெரிய டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்துச் செய்யும் ஸ்பார்க்கில் வேலை முடிந்துவிட்டது என்று பார்த்தால், ஃபைல்களுக்குப் பெயர் மாற்றும் ரீநேமில் நிற்கிறது. அங்கே வழக்கமான வகையில் நிஜமான ஃபோல்டரே கிடையாது, ரீநேம் என்றால் ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்துப் பழையதை அழிப்பதுதான். ஆகவே இடம் மாறினால் மட்டும் போதாது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ்ஸைக் கொண்டுவந்தபோது ஒரு ஆபீஸின் உள் நெட்வொர்க்தான் கணக்கு, பெயர் கேட்பதும் டேட்டா வாங்குவதும் ஒரே சர்வரிடம். கூகுள் 2003இல் வெளியிட்ட ஃபைல் சிஸ்டம் கட்டுரையில் மாஸ்டர் என்ற தலைமை சர்வர் மெட்டாடேட்டாவை (ஃபைலின் பெயர், அது எங்கே இருக்கிறது போன்ற விவரம்) மட்டும் வைத்துக்கொள்ளும், 64 எம்.பி துண்டுகளை கிளையன்ட் நேரே வேறு சர்வர்களிடம் வாங்கிக்கொள்ளும். 2010இல் என்.எஃப்.எஸ் 4.1 கொண்டுவந்த பிஎன்எஃப்எஸ் (பேரலல் என்.எஃப்.எஸ்) வசதியும் அந்த வழிதான். அதனால் தற்காலிக ஃபைல்களை மெஷினின் சொந்த டிஸ்கில் எழுதுங்கள், ஒரே டைரக்டரியில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், சின்ன ஃபைல்களைச் சேர்த்து டார் என்ற ஒரே ஃபைலாகக் கட்டி வையுங்கள். டிஸ்க் வேகத்தைக் கூட்டி ஒரு பயனும் இல்லை, கழுத்தை நெரிப்பது மெட்டாடேட்டா.

பாளை_சர்வர்:
சரி, டார் கட்டிவிட்டால் நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டி வந்தால்? எங்களுக்கு அது தினசரி வேலை.

கங்கைகொண்டான்_கிளவுட்:
பழைய டாரைத் தொடாதீர்கள். திருத்திய பக்கத்தைப் புதிய டாரில் போட்டு, எந்தப் பக்கம் எங்கே என்பதை டேட்டாபேஸில் மாற்றுங்கள்.