சிலிண்டரை நிறுத்தும் என்ஜினுக்கு எந்த ஆயில்?

கீழக்கரையிலிருந்து கேள்வி:
வணக்கம். சுமை குறையும்போது நான்கு சிலிண்டர்களில் இரண்டை நிறுத்திவிடும் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். கையேடு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலைக் குறிப்பிட்டிருக்க, நம் கடற்கரை வெயிலுக்கு அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50தான் தாங்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். எதைக் கேட்பது?

மண்டபத்திலிருந்து பதில்:
கையேட்டைக் கேளுங்கள், ஐயா. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், சூடேறிய என்ஜினின் கூலன்ட் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 90 டிகிரியில் நிறுத்துகிறது. ஹோண்டாவின் விசிஎம் போன்ற, சிலிண்டரை நிறுத்தும் அமைப்புகளில் வால்வுகளை ஓயவைக்கும் சிறு பின்களைத் தள்ளுவதே ஆயிலின் அழுத்தம்தான். அளவுக்கு மீறித் தடித்த ஆயில் அந்த நுண்வழிகளில் தாமதமாகவே பாயும். கசடு அதைவிடக் கெடுதல்.

தொண்டியிலிருந்து பதில்:
ஒரு திருத்தம். ஃபோக்ஸ்வாகனின் 1.5 டிஎஸ்ஐ என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்களைத் தாங்கிய உறையை மின்காந்தப் பின்கள் நகர்த்துவதால், அங்கே அந்த வேலை ஆயிலுடையது அன்று. ஆயினும் ஆயிலையே நம்பியிருக்கும் டர்போவும் பேரிங்கும் இருக்கின்றனவே! டப்பாவில் 0டபிள்யூ-20 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல், கையேடு கூறும் தரக்குறியீடும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். என் கணிப்பில் அதுவே முக்கியம்.

தேவிபட்டினத்திலிருந்து பதில்:
கடைத்தெருவுக்குள் மட்டும் ஓடும் வண்டியில் என்ஜின் முழுச் சூடு அடையாமல் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும் என்பதால், கிலோமீட்டர் நிறையாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். உப்புக்காற்று ஆயிலைத் தொடாது. என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் இரும்புச் சம்ப்பைத்தான் அரிக்கும், ஆகவே வண்டியைத் தூக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.