பழைய கிளாரினெட் லிகேச்சர்ல பேரே இல்ல, இது என்ன வகைன்னு பாத்து சொல்லுங்களேன்

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என் பெரியப்பா பேண்ட் செட்ல வாசிச்ச பி ஃப்ளாட் கிளாரினெட் இப்ப என்கிட்ட வந்திருக்கு. அவர் இப்ப இல்ல, அதனால இத பத்தி கேக்க வீட்ல ஆள் கிடையாது. ஏ.கே.சி. நடராஜன் ஐயா வாசிச்சத சின்ன வயசுலேர்ந்து கேட்டு கேட்டுத்தான் எனக்கு இந்த வாத்தியத்து மேல ஆசையே வந்துச்சு, ஒரு வருஷமா கிளாஸ் போயிட்டிருக்கேன்.

பிரச்சனை என்னன்னா வாசிக்க வாசிக்க ரீட், அதான் வாயில வைக்கிற மவுத்பீஸ்ல கட்டுற நாணல் பட்டை, ஒரு பக்கமா நகந்துடுது, மேல் ஸ்தாயிக்கு போனா கீச்சுனு அடிக்குது, எவ்வளவு இறுக்குனாலும் பத்து நிமிஷத்துல திரும்ப அதே கதைதான். ரீட மவுத்பீஸோட சேத்து புடிக்கிற வளையமான லிகேச்சர் பித்தளை, மேல வெள்ளை பிளேட்டிங் பாதி உரிஞ்சு மஞ்சள் தெரியுது. ரெண்டு ஸ்க்ரூ. உள்பக்கம் விரல விட்டு தடவுனா நீளவாக்குல ரெண்டு மேடு தட்டுப்படுது. பேரோ நம்பரோ எங்கயும் இல்ல. மவுத்பீஸ் மேல்பக்கம் ரெண்டு கோடு கீறல் வேற விழுந்திருக்கு. கடைல கேட்டா வேண்டோரன், ரோவ்னர், பிஜின்னு கம்பெனி பேரா அடுக்குறாங்க. இதையே வச்சுக்கலாமா, புதுசு வாங்கணுமா?

சுருதிப்பெட்டி:
தம்பி, அந்த கீறல்லதான் விஷயம் இருக்கு. ரெண்டு மேடும் ஸ்க்ரூவுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கா? ஸ்க்ரூ ரெண்டும் ரீட் பக்கம் வர்ற மாதிரி மாட்டுறீங்களா? மாட்டுனப்புறம் ஸ்க்ரூ தலை எந்த கைக்கு வருது?

காவேரிக்கரை:
ஆமாண்ணே, மேடு எதிர்ப்பக்கம்தான். ஸ்க்ரூ ரீட் பக்கம் வச்சுதான் மாட்டுறேன், கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் மாட்டுறாங்க. ஸ்க்ரூ தலை இடது கைக்கு வருது.

சுருதிப்பெட்டி:
அப்ப திருப்பி மாட்டிட்டிருக்கீங்க. உங்களோடது இன்வெர்ட்டட், அதாவது தலைகீழ் வகை, ஸ்க்ரூ மேல்பக்கம் போகணும், மேடு ரெண்டும் ரீட் மேல உக்காரணும். இப்ப அந்த மேடு போய் மவுத்பீஸ் முதுகுல கீறிட்டிருக்கு, ரீட புடிக்கிறது லிகேச்சரோட ரெண்டு ஓரம் மட்டும்தான், நகராம என்ன பண்ணும். சாதா லிகேச்சர்னாலும் சரி இன்வெர்ட்டட்னாலும் சரி, சரியா மாட்டுனா ஸ்க்ரூ தலை பெரும்பாலும் வாசிக்கிறவங்க வலது கைக்குத்தான் வரும், இடது பக்கம் வந்தாலே ஒரு தடவ சந்தேகப்படணும். அகலமான வாய் கீழ்ப்பக்கம் வரணும், அதையும் பாத்துக்குங்க.

இந்த அமைப்ப போனாட் மாடல்னு சொல்வாங்க. டேனியல் போனாட் 1896ல ஜெனீவால பொறந்தவர், பிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரால முதல் கிளாரினெட் வாசிச்சவர், கர்டிஸ், ஜூலியார்டுன்னு அமெரிக்க இசைப் பள்ளிகள்ல சொல்லிக் கொடுத்தவர், 1976ல இறந்துட்டார். ரீட முழுசா சுத்தி நெருக்காம நீளவாக்குல ரெண்டு கோட்டுல மட்டும் அழுத்துனா ரீட் நல்லா அதிரும்ங்கறதுதான் இதுல உள்ள யோசனை. ஆனா இதே அமைப்புல நிறைய பேர் செஞ்சு வித்திருக்காங்க, முத்திரை இல்லாத ஒண்ண இன்னார் செஞ்சதுன்னு அடிச்சு சொல்ல முடியாது.

மொதல்ல திருப்பி மாட்டுங்க. கீழ் ஸ்க்ரூவ திடமா வைங்க, மேல் ஸ்க்ரூ சும்மா தொட்டு நின்னா போதும், மேல இறுக்குனா ரீட் மூச்சு முட்டிப் போய் சத்தம் அடைக்கும். வேண்டோரன் மவுத்பீஸ்னா அதுல கோடு போட்டிருக்கும், லிகேச்சர் மேல் கோட்டுக்கு கீழயே இருக்கணும். அப்புறம் ரீட நனைச்சு மாட்டி, மவுத்பீஸோட அடி ஓட்டைய உள்ளங்கையால அடைச்சுக்கிட்டு காத்த உள்ள உறிஞ்சி வாயிலேர்ந்து எடுங்க. ரீட் ஒரு நொடி ஒட்டி நின்னு 'டப்'னு விட்டா எல்லாம் சரி. ஒட்டவே இல்லன்னா காத்து கசியுது, ரீட், மவுத்பீஸ், லிகேச்சர் மூணுல ஒண்ணுல கோளாறு.

மேடைக்குப் பின்னாடி:
சுருதிப்பெட்டி அண்ணன் சொன்னதுக்கு மேல கண்டுபிடிக்கிற விஷயத்துல சொல்ல ஒண்ணும் இல்ல. வாங்குறத பத்தி சொல்றேன், நான் ரெக்கார்டிங்ல வாசிக்கிறவன், வருஷக்கணக்கா மாத்தி மாத்தி போட்டு பாத்திருக்கேன். வேண்டோரன் எம்ஓ ரொம்ப லேசு, அதுலயும் ரெண்டு மேடுதான், நாக்க எடுத்த உடனே ஸ்வரம் பிறக்கும். அவங்களோட இன்னொரு மாடல் ஆப்டிமம்ல மூணு தகடு கொடுப்பாங்க, மாத்தி மாத்தி சொருகலாம், அதுல ஒண்ணு ரீட நாலே புள்ளில தொடும். ரோவ்னரோட டார்க்ங்கற மாடல் துணி மாதிரி பட்டை, ஒரே ஸ்க்ரூ, சட்டுனு மாட்டிடலாம், நாதம் கொஞ்சம் உருண்டு வரும் ஆனா நாக்கு போடுற இடம் மழுங்குன மாதிரி இருக்கும். கமகம் நிறைய புடிக்கிற நம்ம வாசிப்புக்கு எனக்கு மெட்டல்தான் ஒத்து வருது.

ஆனா தம்பி, இந்த வித்தியாசம் எல்லாம் பத்துல எட்டு பங்கு வாசிக்கிற நம்ம பல்லுக்கும் உதட்டுக்கும் தெரியுறதுதான், பத்தாவது வரிசைல உக்காந்திருக்கிறவங்களுக்கு பெருசா கேக்காது. ரீட் மாத்துனா கேக்கும், மவுத்பீஸ் மாத்துனா நல்லாவே கேக்கும். காசு இருந்தா அதுல போடுங்க.

கெண்டைநூல்:
நாங்க நாயனக் குடும்பம். எங்க வீட்ல சீவாளிக்கு, அதான் நாயனத்தோட ரீடுக்கு, நூல் சுத்துறத பாத்து வளந்தவன், அதனால இத சொல்லத் தோணுது. கிளாரினெட்லயும் ஆதில நூல்தான், 1800கள் ஆரம்பத்துல இவான் முல்லர்தான் மெட்டல் லிகேச்சர கொண்டு வந்தார்னு சொல்வாங்க. ஜெர்மனில, ஆஸ்திரியால இன்னிக்கும் நூல் சுத்தி வாசிக்கிறவங்க இருக்காங்க, நூல் நழுவாம இருக்க மவுத்பீஸ்லயே வரி வரியா பள்ளம் வெட்டியிருக்கும். நம்மகிட்ட இருக்கிற வழவழ பிரெஞ்சு மவுத்பீஸ்லயும் சுத்தலாம், பழக கொஞ்ச நாள் ஆகும். எனக்கு அந்த நாதம் ரொம்ப பிடிக்கும், எல்லா இடத்துலயும் ஒரே சீரா புடிக்கும். புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ செஞ்சு பாருங்க, கையில இருக்கிற நூல்தானே.

காவேரிக்கரை:
அண்ணே, திருப்பி மாட்டிட்டேன்!! அரை மணி நேரம் ஆரபி வாசிச்சேன், ரீட் ஒரு இம்மி நகரல, மேல் ஷட்ஜம் சுத்தமா வந்துச்சு. கழட்டி பாத்தா ரீட் பட்டை மேல ரெண்டு மெல்லிசு கோடு, அளந்து போட்ட மாதிரி ஒரே ஆழத்துல பதிஞ்சிருந்துச்சு. பெரியப்பா இப்படித்தான் மாட்டியிருப்பார்னு நெனச்சப்ப மனசு என்னமோ ஆயிடுச்சு. டப் சத்தமும் வருது. ஒண்ணே ஒண்ணு, கீழ் ஸ்க்ரூ ஒரு கட்டத்துக்கு மேல சும்மா சுத்துது, மரை தேஞ்சிருக்குமோ?

சுருதிப்பெட்டி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. மேல் ஸ்க்ரூவ கழட்டி கீழ போட்டு பாருங்க, அது புடிச்சா தேஞ்சது ஸ்க்ரூ மட்டும்தான், அத மாதிரிக்கு கொண்டு போய் லேத் பட்டறைல கொடுத்தா அதே மரைல ஒண்ணு கடைஞ்சு தருவாங்க. அதுவும் சுத்துச்சுன்னா லிகேச்சர்ல உள்ள மரை போயிருக்கு, கொஞ்சம் பெரிய மரை வெட்டித்தான் போடணும். பிளையர் மட்டும் போட்டுறாதீங்க, அந்த ஸ்க்ரூ குழாய் பத்தவச்சது, பிச்சுக்கிட்டு வந்துடும்.