ஃபிப்த் வீல்: தாங்குபூட்டா, கொளுவியா, பகலாணியா?

மொழிபெயர்ப்பாளர், ஸ்காபரோ

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

எந்தப் பிக்கப் வண்டிக்கு எந்த ‘ஃபிப்த் வீல்’ டிரெய்லர் பொருந்தும் என்று ஒன்ராறியோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விளக்கும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைத்தாக வேண்டும். முதல் வரைவில் ‘ஐந்தாம் சக்கரம்’ என்றே எழுதியிருந்தேன். அதை வாசித்த என் தந்தையார், பஞ்சரானால் மாற்றும் ஸ்டெப்னியைப் பற்றிய பகுதி என்று எண்ணி அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டார். எடைக் கணக்கு முழுவதும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. பிக்கப்பின் திறந்த பின்தொட்டியில் பொருத்தும் ‘ஃபிப்த் வீல்’ என்னும் அந்த இணைப்புக்கும், அதில் வந்து இறங்கும் ‘கிங்பின்’ என்னும் டிரெய்லர் ஆணிக்கும், கிங்பின் வழியாக வண்டியின் மேல் விழும் எடைக்கும், வண்டி சுமக்கக்கூடிய மொத்தச் சுமைக்கும் சொற்கள் தேவை. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற வாகனப் பொறியாளர், கோயம்புத்தூர்

அம்மா, பொருள் தெளிவானால் சொல் தானே வரும் என்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டிரெய்லர், பிக்கப்பின் பின்முனையில் உள்ள இரும்புக் குண்டில் மாட்டப்படுகிறது. அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு அந்தக் குண்டின் மேல் விழும். ஃபிப்த் வீல் டிரெய்லரின் முன்பகுதியோ பின்தொட்டிக்கு மேலாக நீண்டு வந்து, பின்னச்சுக்கு நேர்மேலே அல்லது சற்று முன்னால் அமைந்த ஒரு தட்டின் மேல் அமர்கிறது. டிரெய்லரிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் 2 அங்குல விட்டமுள்ள ஆணியைத் தட்டின் தாடைகள் கவ்விக்கொள்கின்றன. இதனால் டிரெய்லரின் எடையில் 15 முதல் 25 விழுக்காட்டைப் பிக்கப்பே சுமக்க நேர்கிறது.

நிறை எடை 12,000 பவுண்டு உள்ள டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். 20 விழுக்காடு என்றால் 2,400 பவுண்டு. தட்டும் அதைத் தாங்கும் சட்டமும் 200, வண்டியில் இருவரும் அவர்களுடைய பொருள்களும் 400 என்று கூட்டினால் 3,000 ஆகிவிடுகிறது. 13,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட, ‘அரை டன்’ வகை எனப்படும் ஒரு பிக்கப்பின் ஓட்டுநர் கதவுநிலையில் ஒட்டியுள்ள சிட்டையில், ஆட்களும் சரக்குமாக 1,700 பவுண்டுக்கு மேற்படலாகாது என்று இருக்குமானால், அந்த வண்டி இந்த டிரெய்லரை இழுக்கும், ஆனால் தாங்காது. வாங்குபவர்கள் இழுதிறனை மட்டும் பார்த்துவிட்டு இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஆகவே சொல்லில் ‘தாங்கு’ என்னும் வினை இருந்தே ஆக வேண்டும். இணைப்புக்குத் ‘தாங்குபூட்டு’, கிங்பின் வழியாக விழும் எடைக்கு ‘ஆணிச்சுமை’, மொத்தச் சுமைக்கு ‘ஏற்சுமை’ என்பன என் பரிந்துரைகள்.

‘ஐந்தாம் சக்கரம்’ என்ற பெயர் குதிரைவண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டியின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் கிடைமட்டமாக ஒரு வளையத்தை வைத்தார்கள். நான்கு சக்கரங்களோடு சேர்த்து எண்ணப்பட்டதால் அது ஐந்தாவது ஆயிற்று. 1914இல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்னும் கொல்லர், மர வணிகர் ஒருவரின் படகைக் கொண்டுசெல்வதற்காக, ஒரு ஃபோர்டு காரின் பின்னால் இழுக்கும் வண்டியைச் செய்துகொடுத்தார். முன்பகுதி இழுக்கும் வண்டியின் மேல் அமரும் இன்றைய அரை டிரெய்லர்களின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். அந்த வரலாறு தெரியாத தமிழ் வாசகருக்கு எண்ணை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுப்பதால் பயனில்லை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ‘தாங்குபூட்டு’ வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. கையேட்டில் யாரும் ‘தாங்குப்பூட்டு’ என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஏற்சுமை’யை என்னால் ஏற்க இயலாது. ‘ஏல்’ என்னும் வினை தொகையாக நின்றால், கொல்களிறு போல, ‘ஏல்சுமை’ என்றே இருக்க வேண்டும். ‘ஏறுசுமை’ என்றால் இந்தச் சிக்கலே எழாது.

கிங்பின்னுக்கு வெறும் ‘ஆணி’ என்பது மிகவும் வறிய சொல். நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய சொல் ஒன்று இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது. நுகத்தடியின் நடுவில் தைத்த ஆணியே அங்குப் பகல் எனப்படுகிறது. பகலாணி என்பதும் அதுவே. ‘பகு’ என்னும் வேரிலிருந்து பிறந்த இச்சொல், இருபுறமும் சமமாகப் பகுத்து நடுவில் நிற்பதைக் குறிக்கும். நாளை நடுவாகப் பகுக்கும் நண்பகலும் அதனால்தான் பகல் ஆயிற்று. இழுப்பதையும் இழுபடுவதையும் இணைத்து நடுவில் நிற்கும் ஓர் ஆணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. சுமையைப் பற்றிய அதிகாரத்தின் தலைப்பில் ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்னும் குறளையும் இடலாம். வலியறிதல் அதிகாரத்தில் வருவது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதைவிடத் தெளிவாக எடை வரம்பை யார் சொல்லிவிட முடியும்?

கனரக வாகன ஓட்டுநர், பிராம்ப்டன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். குறளை நான் மனமார ஏற்கிறேன். பகலாணியை ஏற்க முடியவில்லை. வாசிப்பவர் அதைப் பகலில் பயன்படுத்தும் ஆணி என்றுதான் விளங்கிக்கொள்வார். மேலும், நுகத்தின் ஆணி இழுக்கும் பக்கத்தில் இருக்கிறது. கிங்பின் இழுபடும் வண்டியில் இருக்கிறது. பழைய லொறிகளின் முன்னச்சில் சக்கரம் திரும்பும் முளைக்கும் கிங்பின் என்றே பெயர் என்பதால், ஆங்கிலத்திலேயே இச்சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது.

‘பூட்டு’ என்பதிலும் எனக்குத் தடை உண்டு. நிறுத்திவைத்த டிரெய்லரைக் களவிலிருந்து காக்க, கிங்பின்னில் மாட்டும் திறப்புப் பூட்டு (சாவிப் பூட்டு) ஒன்று கடைகளில் விற்கப்படுகிறது. ‘தாங்குபூட்டு வாங்குங்கள்’ என்று கையேட்டில் இருந்தால் எங்கள் ஆட்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்கள். யாழ்ப்பாணத்தில் உழவு இயந்திரத்துக்குப் பெட்டியைக் கொளுவுவோம். சட்டையைச் சுவரில் கொளுவுவோம். கொளுவி என்றால் அங்கே பிறந்த எவருக்கும் விளங்கும். ஆதலால் ‘கொளுவி’ என்பதே என் தெரிவு. கடையில் போய் ஃபிப்த் வீல் என்றுதான் கேட்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தச் சொல்லையும் அருகில் எழுதியே ஆக வேண்டும்.

அம்மா, சொல்லுக்கு அப்பால் இரண்டு செய்திகளையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஒன்ராறியோவில் இழுபடும் வண்டி 4,600 கிலோவைத் தாண்டினால் சாதாரணக் காருக்கான ‘ஜி’ வகை ஓட்டுநர் உரிமம் போதாது. ஐயா காட்டிய 12,000 பவுண்டு டிரெய்லர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. பின்தொட்டி எட்டு அடி நீளமாக இல்லாமல் ஐந்தரை அடியோ ஆறரை அடியோ உள்ள வண்டியில், கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் மோதக்கூடும். அத்தகைய வண்டிக்குப் பின்னால் நகர்த்தக்கூடிய கொளுவி வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

கொளுவி நல்ல சொல்தான். ‘கொள்’ என்னும் வேரிலிருந்து வந்ததாகையால் ளகரமே சரி. ஈழத்து நண்பர்கள் சிலர் ‘கொழுவி’ என்று எழுதுவதைக் காண்கிறேன். கொழு என்பது ஏரின் நுனியில் உள்ள இரும்பு. ஆயினும் தஞ்சையிலோ மதுரையிலோ இச்சொல்லைக் கேட்டவர் மிகச் சிலரே. இங்கே அது கொக்கிதான். பகலாணி புரியாது என்பதற்காக அதைத் தள்ளுகிறோம் என்றால், பாதித் தமிழருக்குப் புரியாத கொளுவியை எந்த அளவுகோலால் ஏற்கிறோம்? பேருந்து என்ற சொல்லும் முதல் நாளிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை.

ஓய்வுபெற்ற வாகனப் பொறியாளர், கோயம்புத்தூர்

பேருந்து புரியாதபோது யாருக்கும் அச்சு முறியவில்லை, ஐயா. இந்தக் கையேட்டில் சொல் புரியாமல் போனால், மலைச்சரிவில் பின்சக்கரங்கள் அளவுக்கு மீறிய சுமையோடு இறங்கும். தூய்மையா, தெளிவா என்று வந்தால் நான் தெளிவின் பக்கமே நிற்பேன்.

திறப்புப் பூட்டு என்ற தடை வலுவானது. ‘தாங்குபூட்டை’ நான் விட்டுவிடுகிறேன். ஆனால் தனித்த ‘கொளுவி’ இழுப்பதை மட்டுமே உணர்த்துகிறது. பின்முனைக் குண்டையும் கொளுவி என்று சொல்லலாம் அல்லவா? இரண்டும் ஒரே பெயரில் நின்றால், 10 விழுக்காடு எங்கே, 25 விழுக்காடு எங்கே என்ற வேறுபாடு மறைந்துபோகும். குண்டுக்கு ‘இழுகொளுவி’, இதற்குத் ‘தாங்குகொளுவி’ என்று பிரித்தால் என்ன? தாங்குகொளுவிக்கும் தனக்கென ஓர் எடை வரம்பு உண்டு. அது அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஏறுசுமை, பின்னச்சு வரம்பு, டயரின் வரம்பு, இரு வண்டிகளும் சேர்ந்த கூட்டெடை வரம்பு, கொளுவியின் வரம்பு ஆகியவற்றுள் எது முதலில் எட்டப்படுகிறதோ அதுவே அந்த இணையின் வரம்பு. இந்த ஒரு வாக்கியத்தைத் தனிக் கட்டத்தில் அச்சிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், ஸ்காபரோ

அனைவர்க்கும் நன்றி. நாளை காலை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், இதுவரை பெரும்பான்மையோர் இசைந்ததை எடுத்துக்கொள்கிறேன். முதன்முறை வரும் இடத்தில் ‘ஃபிப்த் வீல் எனப்படும் தாங்குகொளுவி’ என்றும் பிறகு ‘தாங்குகொளுவி’ என்றும் எழுதுகிறேன். கிங்பின் அப்படியே இருக்கும். ஆணிச்சுமை, ஏறுசுமை, இழுதிறன் ஆகியவை வருகின்றன. வேறுபாட்டை வலியுறுத்த, ஏறுசுமையும் இழுதிறனும் வரும் எல்லா இடங்களிலும் அவற்றைத் தடித்த எழுத்தில் இடுகிறேன். குறள் எடை அதிகாரத்தின் தலையில் இடம்பெறும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

காலக்கெடு முன்னிற்கும்போது நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ‘ஆணிச்சுமை’ என்று தமிழில் எழுதிவிட்டு, அந்த ஆணியைக் ‘கிங்பின்’ என்று அழைப்பது முரணாக இருக்கிறது. வாசகர் எந்த ஆணி என்று தேடுவார். குறைந்தது ‘நடுவாணி’ என்றாவது எழுதுங்கள். தமிழ்நாட்டு வாசகர்க்கென வேறு பதிப்பு வருமானால், கொளுவியா கொக்கியா என்பதையும் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.