மறதிநோய் இல்லத்து சிஸ்டர்கள்: நீங்கள் கண்டது என்ன?

மதுரைக்காரன்:
அப்பா ரிட்டயர்டு கண்டக்டர், அல்சைமர். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் இல்லத்தில் சேர்த்தது, சொந்தக்காரர்கள் பேசியது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். பொழுது சாய்ந்தால் அவருக்கு டியூட்டி ஞாபகம் வந்துவிடும். கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு "வண்டி எடுக்கணும், விடுங்கடா" என்று கத்துவார். அன்றைக்கு நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் வந்தார், சின்னப் பெண்தான். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "சார், டைம் கீப்பர் டீ குடிக்கப் போயிருக்கார். அவர் சொல்லாம வண்டி எடுத்தா மெமோ கொடுத்துருவாங்களே" என்றார். அப்பா ஆட்டுவதை நிறுத்தினார்.

"யாரு, அந்த மீசைக்காரனா?"

"அவரேதான் சார்."

"அவன் டீ குடிக்கப் போனா லேசுல வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மெமோ, டைம் கீப்பர் எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "குளிப்பாட்டும்போது அவர் சொல்றதுதான்" என்றார். அந்த மீசைக்காரர் யாரென்று பிள்ளை எனக்கு இன்றுவரை தெரியாது.

காவேரிக்கரை:
மதுரைக்காரரே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாரிடமும் பொய் செல்லுபடியாகாது. எங்கள் அம்மாவிடம் ஓர் அட்டெண்டர், "மாமா ரேஷன் கடைக்குப் போயிருக்கார்" என்று சொல்லப்போக, அவர் வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அம்மா ராத்திரி வரை வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. உண்மையைச் சொன்னாலும் ஆகாது, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் சேதி வந்ததுபோல அழுவாள்.

மறுநாள் காலை டியூட்டிக்கு வந்த சிஸ்டர் இரண்டையும் செய்யவில்லை. "மாமாவுக்கு காபி எப்படி இருக்கணும்மா?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் டிகாக்‌ஷன்தான் வேண்டும், சர்க்கரை அரை ஸ்பூன், டபரா சுடவேண்டும், பிடிக்காவிட்டால் வாய் திறந்து சொல்ல மாட்டார், டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்... அவள் சொல்லச் சொல்ல சிஸ்டர் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே இருந்தார். தட்டு காலி.

பொள்ளாச்சி ராஜா:
எல்லாருக்கும் தேவதைகளாகவே வாய்த்திருக்கிறார்கள் போல. நான் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ராத்திரி போய் நின்றபோது, என் பெரியப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். மூக்கில் சாப்பாடு இறக்குகிற ட்யூப். "பிடுங்கிடுறார் சார், வேற வழியில்ல" என்றார் அட்டெண்டர். சிஸ்டர் எங்கே? மாடியில். கட்டடம் முழுக்க ராத்திரிக்கு ஒரே ஒரு சிஸ்டர். மற்றவர்களுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, நீலக் கோட்டு மாட்டிவிட்டால் நர்ஸ் ஆகிவிடுமா? கட்டை அவிழ்த்ததும் பெரியப்பா என் சட்டைப் பட்டனைப் பிடித்தார், பட்டன் கையோடு வந்துவிட்டது, அப்போதும் விடவில்லை. மாதாமாதம் வாங்குகிற பணத்துக்கு... வேண்டாம், வாயில் ஏதாவது வந்துவிடும்.

ரிட்டயர்டு கேஷியர்:
என் மனைவியின் அக்கா தண்ணீர் கேட்டார். டம்ளரை நீட்டினேன். சிஸ்டர் வெடுக்கென்று பிடுங்கி, கெட்டியாக்கும் பவுடர் கலந்து, நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனில் கொடுத்தார். விழுங்குவது சிரமமானால் வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வருமாம். அவ்வளவுதான் என் கதை.

சேர்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதிநோய், என்று ஒரு மதிப்பீடு. நல்ல இல்லத்தில் இடம் குதிரைக் கொம்பு, அதனால் கிடைத்த இடத்தில் விட்டுவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஹாலில் டிவியும் மீன் தொட்டியும் காட்டுவார்கள். நீங்கள் படுக்கையில் இருப்பவரின் குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு இருந்தால் ஒழுங்காகப் புரட்டிப் படுக்க வைப்பதில்லை என்று சந்தேகப்படலாம். எடை எழுதும் நோட்டைக் கேளுங்கள். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். புது மாத்திரை சேர்த்தால் பெயரை எழுதி வாங்குங்கள். குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் வகை மனநோய் மாத்திரைகளால் மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு உயிராபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்தது. கொடுக்கவே கூடாது என்றில்லை, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். ஒரே நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் 'முற்றிவிட்டது' என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். தொற்று, மலச்சிக்கல், புது மருந்து, எதுவாகவும் இருக்கலாம். அப்புறம் உயில், பேங்க் நாமினி... அதற்குத் தனி இழை போடுகிறேன்.

நைட் டியூட்டி:
ராஜா சார், நீங்கள் திட்டுகிற அந்த ஒரே சிஸ்டர் மாதிரிதான் நானும். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவள். என்னைக் குடைவது வேறு ஒன்று. எங்களிடம் ஒரு வாத்தியார் இருந்தார், பேச்சு முழுக்கப் போய்விட்டது. திடீரென்று ஊட்டுகிறவர்களை எல்லாம் அடிக்க ஆரம்பித்தார். நோய் முற்றுகிறது, மாத்திரையைக் கூட்டலாம் என்று பேச்சு. பேச முடியாதவர்களுக்கு வலி பார்க்க ஒரு அட்டவணை உண்டு: மூச்சு, முனகல், முகம், உடம்பு, தேற்றினால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. சும்மா இருக்கும்போது சைபர், ஸ்பூன் வாய்க்குப் போனால் 7. டார்ச் அடித்துப் பல்செட்டைக் கழற்றினேன். கீழ் ஈறில் காசளவு புண், அதில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் அதன்மேல்தான் அழுத்தியிருக்கிறோம். செட்டை எடுத்துவிட்டுக் கஞ்சி கொடுத்ததும் அடி நின்றது. மாத்திரை கூட்டவில்லை.

உங்கள் பெரியப்பா கையைக் கட்டியது தப்பு, அதில் வாதமே இல்லை. ஆனால் கட்டுக்கு முன்னால் அந்த ட்யூப்பைக் கேளுங்கள். முற்றிய நிலையில் ட்யூப் போட்டால் நிமோனியா வராது, ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கையால் மெதுவாக ஊட்டுவதே நல்லது என்றுதான் முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஊட்ட ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆள் இல்லாத இடத்தில் ட்யூப் வருகிறது, ட்யூப் வந்தால் பிடுங்குவார், பிடுங்கினால் கட்டு.

பொள்ளாச்சி ராஜா:
சிஸ்டர், ட்யூப் போடக் கையெழுத்து வாங்கினபோது இதை ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லையே. "போடாட்டி பட்டினி கிடப்பார்" என்றுதான் சொன்னார்கள்.

நைட் டியூட்டி:
அப்படித்தான் சொல்வார்கள் சார். விழுங்க முடிகிறதா என்று ஸ்பீச் தெரபிஸ்ட்டை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சமாவது விழுங்குகிறார் என்றால் ட்யூப்பை எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். எடுத்தால் பகலில் ஒரு வேளையாவது வீட்டு ஆள் யாராவது போய் ஊட்ட வேண்டியிருக்கும், அதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.