ஈகிள் ரிவர் டெர்பி: ஃபைனலில் மட்டும் வண்டி வெளியே தள்ளுவது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1964 முதல் நடக்கும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) பந்தயம், அரை மைல் ஐஸ் ஓவல், அதாவது நீள்வட்டத் தடம். ஹீட்டில் (ஃபைனலுக்கு முந்தைய சுற்று) கோடு பிடித்துப் போகும் வண்டி, ஃபைனலில் திருப்பத்தில் வெளிச்சுவர் பக்கம் நழுவுகிறது. டயரே இல்லாத வண்டியில் தேய்வது எது?

பதில் 1: வண்டியைத் திருப்பும் முன்பக்கச் சறுக்குப் பலகையான ஸ்கீக்கு அடியில் இருக்கும் கார்பைட் ரன்னர், அதாவது ஐஸைக் கீறிப் பிடிக்கும் கடினமான கம்பி. அதன் விளிம்பு மழுங்கினால் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் முன்பக்கம் நேரே ஓடும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் பிறகு தீட்ட வேண்டும். டிராக்கில் (வண்டியைத் தள்ளும் பின்பக்க ரப்பர் பட்டை) உள்ள ஸ்டட்களையும், அதாவது ஐஸைக் குத்திப் பிடிக்கும் ஆணிகளையும், சேர்த்தே பாருங்கள்: ஸ்டட் கூர்மை, ரன்னர் மொட்டை என்றால் முன்பக்கம் வழுக்கும், தலைகீழாக இருந்தால் வால் சுழலும். ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம்.

பதில் 2: எஞ்சின் விசையை டிராக்குக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட்டை விட்டுவிட்டீர்களே. சூடேறினால் அது வழுக்கும். ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி) ஏறும், வேகம் ஏறாது. ஹீட் முடிந்ததும் ஹூடைத் திறந்து கிளட்சை ஆறவிடுங்கள். புது பெல்ட்டை நேராக ஃபைனலுக்குப் போடாதீர்கள், மிதமாக ஓட்டிப் பழக்கியது வேண்டும்.

பதில் 3: வெறும் ஐஸில் தூள்பனி இல்லாததால் ஸ்லைடருக்கு (டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டை) உயவும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, பிளாஸ்டிக் உருகி டிராக்கின் உலோகக் கிளிப்பில் ஒட்டும். எஞ்சினை ஆற்றும் கூலன்ட் சூடாவதற்கும் அதே காரணம்தான். பனிமேடுகளில் தாவி ஓடும் ஸ்னோகிராஸ் பந்தயத்தில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே முதல் திருப்பத்துப் பனிப்புழுதியில் கண்ணே தெரியாது, முகக்கண்ணாடியில் டேர்-ஆஃப் (உரித்தெறியும் மெல்லிய படலம்) அடுக்கிக்கொண்டுதான் இறங்குவார்கள்.