3 ஏ எடுத்தும் மெடிசின் இல்லை: கொழும்புப் பிள்ளைக்கு நடப்பது நியாயமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
அக்காட மகள் ஏ.எல். உயர்தரச் சோதனையில, பயோ பிரிவில 3 ஏ. மெடிசின் கிடைக்கேல்லை. முல்லைத்தீவில 2 ஏ, 1 பி எடுத்த பிள்ளைக்குக் கிடைக்குதாம். கம்பஸ் அனுமதியில தமிழ்ப் பிள்ளையளை வெட்டின தரப்படுத்தல் முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது? இது அதே 1971தான்.

கணக்கு வாத்தி:
1971ஐ இதுக்குள்ள இழுக்காதேங்கோ. அப்ப மெடிசினுக்கு 400க்குத் தமிழ் மொழிப் பிள்ளை 250 எடுக்கோணும், சிங்கள மொழிப் பிள்ளைக்கு 229 காணும். மொழியைப் பார்த்து வெட்டினவங்கள். இப்ப மாவட்டம். வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளைக்கும் நுகேகொடைச் சிங்களப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒண்டுதான், ரெண்டும் கொழும்பு மாவட்டம். பிறகு, 3 ஏ எண்டு சொன்னாப்போல என்ன விளங்கும்? 75ம் ஏ, 98ம் ஏ. கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:
3 ஏ எண்டா 3 ஏதான். பெறுபேற்றுத் தாளில அப்பிடித்தான் கிடக்கு.

மஸ்கெலியா பொடியன்:
அண்ணே, எங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கு டீச்சரே இல்ல. பியூரெட்டைக் கம்பஸ் வந்துதான் மொத தடவ கையில புடிச்சேன். நான் எடுத்த பி, ஒங்க வீட்டு ஏ-க்குக் கொறஞ்சது இல்ல.

பம்பலப்பிட்டி அம்மா:
தம்பி, கொழும்பில டியூஷன் எடுத்துப்போட்டு, வெட்டுப்புள்ளி குறைஞ்ச நுவரெலியாவில பதிஞ்சு சோதனை எழுதுற ஆக்களைப் பற்றியும் கதையுங்கோவன். எங்கட லேனிலயே இருக்கினம்.

மஸ்கெலியா பொடியன்:
அவங்க வந்து புடிக்கிறது எங்க எடத்தத்தான் அக்கா. அதுக்கு எங்களையே ஏசுறீங்களா?

கணக்கு வாத்தி:
அந்தச் சண்டை பிறகு. மெடிசினுக்கு 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமை அடிப்படை. 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு. 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. உங்கட பிள்ளை அந்த 40க்குள்ளயும் வரேல்லை, கொழும்புப் பங்குக்குள்ளயும் வரேல்லை. ஒவ்வொரு பாடத்திலயும் சராசரியைக் கழிச்சு, நியம விலகலால பிரிச்சு, மூண்டையும் கூட்டி மூண்டால பிரிக்கிறதுதான் இசட் புள்ளி. அதில ஏ, பி எண்ட எழுத்துக்கு இடமே இல்லை. திரும்பவும் கேக்கிறன், இசட் புள்ளி எவ்வளவு?

கொட்டாஞ்சேனைக்காரன்:
உங்கட இசட் புள்ளி பிழைக்காதோ? 2011இல பழைய பாடத்திட்டத்தையும் புதுசையும் ஒண்டாக் கலந்து கணக்குப் போட்டு, 2012இல உயர் நீதிமன்றமே திரும்பப் போடச் சொன்னது மறந்துபோச்சோ? அப்ப எத்தினை பிள்ளையள் அழுதவை!

கணக்கு வாத்தி:
மறக்கேல்லை. என்னட்டப் படிச்ச பிள்ளையளும் அதுக்குள்ள இருந்தவை. ரெண்டு கூட்டத்தை ஒண்டாக்கினதுதான் பிழை, சூத்திரம் பிழையில்லை. கொழும்பில ஒரு பாடத்துக்கு ரெண்டு டியூட்டரி, பழைய வினாத்தாள் கட்டுக் கட்டா. அந்த வசதியோட வாற ஏ-யையும் ஆசிரியரே இல்லாமல் வாற பி-யையும் பக்கத்தில வைச்சுப் பார்க்கிறதுதான் அநியாயம்.

பம்பலப்பிட்டி அம்மா:
சேர், நீங்களே டியூஷன் குடுக்கிற ஆள்தானே? எங்கட பிள்ளையளின்ர காசு மட்டும் இனிக்குதோ?

கணக்கு வாத்தி:
குடுக்கிறன். அதாலதான் எனக்குத் தெரியும், ஒரு ஏ-க்குப் பின்னால எவ்வளவு காசு நிக்குது எண்டு.

மஸ்கெலியா பொடியன்:
சேர் சொல்றது நூத்துக்கு நூறு.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நீ ஏன் சொல்லமாட்டாய், 5 வீதத்தில உள்ள போன ஆள்!

மஸ்கெலியா பொடியன்:
நான் மாவட்டப் பங்குல போனவன். தெரியாம பேசாதீங்க.

கணக்கு வாத்தி:
இசட் புள்ளி இன்னும் வரேல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:
3 ஏ எண்டு எழுதியிருக்கிறன். திரும்ப வாசியுங்கோ.