செல்லின் ராமன் நிறமாலையில் ஒரே மேடு மட்டும் வருகிறது: உதவி தேவை

ஆய்வகப்பல்லி:
அனைவருக்கும் வணக்கம். ஃபார்மலினில் நிலைப்படுத்திய ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) ராமன் நுண்ணோக்கியில், அதாவது மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் அலைநீள மாற்றத்தை அளக்கும் கருவியில் வைத்து, எந்த வேதிப்பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் வேதிப் படம் எடுக்க முயல்கிறேன். செல்லின் எந்த இடத்தில் லேசரைக் குவித்தாலும் 1400 செ.மீ⁻¹ (சிதறிய ஒளியின் அலை எண் மாற்றம்) அளவில் ஓர் அகன்ற மேடுதான் வருகிறது. புரதத்துக்கோ கொழுப்புக்கோ உரிய கூர்மையான முகடு எதுவும் தலைகாட்டவில்லை. படத்திலும் உட்கரு தனித்துத் தெரியவில்லை. லேசரின் திறனைக் கூட்டினால் மேடும் சேர்ந்தே உயர்கிறது. வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்ட வேண்டும் என்பதால் விரைந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சிற்றலை:
லேசரின் அலைநீளம் என்ன, செல்கள் எதன்மேல் இருக்கின்றன, பொருளருகு வில்லை எது, படம் எடுக்கையில் புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு நகர்த்துகிறீர்கள் ஆகிய நான்கையும் சொன்னால்தான் எவராலும் உதவ இயலும்.

செம்பருத்தி:
வளர்ப்பு ஊடகத்தில் உள்ள பீனால் ரெட் சாயத்தின் உடனொளிர்வாகவே (ஒளி பட்டதும் தானும் ஒளிர்வது) இது இருக்கும் என்பது என் கணிப்பு. தாங்கல் கரைசலில் செல்களை நன்றாகக் கழுவிவிட்டு மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

பழைய கிரேட்டிங்:
தம்பி, முதலில் கருவியின் அளவீட்டைச் சரிபார்க்கச் சிலிக்கான் துண்டை வைத்து 520.7 செ.மீ⁻¹ முகடு சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தீர்களா? 1928-இல் கொல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் வடிகட்டிய சூரிய ஒளியையும் பின்னர் பாதரச விளக்கையும் கொண்டு கண்டறிந்ததை, இன்றைக்கு லேசரும் கணினியும் கையில் இருந்தும் காண முடியவில்லை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கருவியின் பொத்தான்களை அறிந்திருப்பது நிறமாலையியலை அறிந்திருப்பது ஆகாது.

ஆய்வகப்பல்லி:
சிலிக்கான் சரியாகவே இருக்கிறது, ஐயா. லேசர் 785 நானோமீட்டர். வில்லை 50 மடங்கு, எண் துளை (ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) 0.75, செல்கள் சாதாரண நுண்ணோக்கி ஸ்லைடில் வளர்ந்தவை. ஊடகம் முழுவதும் கழுவப்பட்டுவிட்டது.

சிற்றலை:
அப்படியானால் பீனால் ரெட்டை விட்டுவிடலாம். அந்தச் சாயம் 785 நானோமீட்டர் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. சாதாரணக் கண்ணாடியோ அதிலுள்ள மாசுகளால் இந்த லேசரின்கீழ் 880 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்கிறது. அலை எண்ணில் அது நீங்கள் சொல்லும் 1400-ஐ ஒட்டியே விழும். செல் சில மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது என்பதால், குவியம் செல்லின்மேல் இருந்தாலும் அடியிலுள்ள கண்ணாடியின் ஒளியும் கருவிக்குள் வந்துவிடுகிறது. ஸ்லைடில் செல்லே இல்லாத இடத்தில் ஒரு நிறமாலை எடுங்கள். அங்கும் இதே மேடு இருந்தால் ஐயமில்லை. கால்சியம் புளோரைடு தட்டுக்கு 321 செ.மீ⁻¹ அளவில் ஒரே ஒரு முகடுதான் உண்டு. நீங்கள் பார்க்க வேண்டிய பகுதி தூய்மையாக இருக்கும். அதன் விலை கட்டுப்படியாகாவிட்டால் அலுமினியத் தாளை இறுக்கமாக ஒட்டி அதன்மேல் செல்களை வைத்தும் பார்க்கலாம்.

மென்பொருள் மணி:
தட்டை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. மேட்டின் வடிவத்துக்கு ஏற்ற கணித வளைவான பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தி மேட்டைக் கழித்துவிட்டால் முகடுகள் தாமாகவே வெளிவரும்.

சிற்றலை:
மேட்டைக் கழிக்கலாம், அதன் இரைச்சலைக் கழிக்க முடியாது. பின்னணி 40,000 ஃபோட்டான்களாக இருந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கமே 200 ஆகும். செல்லின் முகடு 100 என்றால் எந்தக் கோவையாலும் அதை மீட்க இயலாது. கழித்தபின் வருகிற வளைவு அழகாக இருக்கும் என்பதே அதன் ஆபத்து.

செம்பருத்தி:
532 நானோமீட்டருக்கு மாறினால் கண்ணாடியின் அந்த மேடு மறைந்துவிடும். சிதறலின் செறிவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதே திறனில் ஏறத்தாழ 4.7 மடங்கு கூடுதல் சமிக்ஞையும் கிடைக்கும்.

பழைய கிரேட்டிங்:
கணக்கு சரி, அறிவுரைதான் அரைகுறை. 532-இல் செல்லே உடனொளிரத் தொடங்கும். மேலும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் என்ற புரதம் ஒத்ததிர்வினால் (அது உறிஞ்சும் நிறத்தை ஒட்டிய லேசரால் சமிக்ஞை பெருகுவது) 750, 1127, 1585 ஆகிய இடங்களில் ஓங்கி நிற்பதால், நீங்கள் பார்ப்பது செல்லின் வேதியியலா, மைட்டோகாண்ட்ரியாவின் தம்பட்டமா என்று பிரித்தறிவது கடினம்.

செம்பருத்தி:
அதைக் குறை என்று எப்படிச் சொல்வது? மைட்டோகாண்ட்ரியா எங்கே இருக்கிறது என்பதைச் சாயமே இல்லாமல் காட்டுகிறது என்றால் அதுதானே வேதிப் படத்தின் பயன்!

பழைய கிரேட்டிங்:
கேள்வி கேட்டவருக்கு வேண்டியது உட்கரு. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

ஆய்வகப்பல்லி:
செல் இல்லாத இடத்திலும் அதே மேடு வந்தது. அலுமினியத் தாளில் வைத்த செல்களில் 1004, 1450, 1657 செ.மீ⁻¹ முகடுகள் தெளிவாகத் தெரிகின்றன. மிக்க நன்றி. படத்தில் உட்கரு மட்டும் இன்னும் மங்கலாகவே இருக்கிறது.

சிற்றலை:
மகிழ்ச்சி. 1004 என்பது புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் முகடு. புரதம் செல் முழுவதும் இருப்பதால் அதைக் கொண்டு வரைந்தால் உட்கரு பிரியாது. நியூக்ளிக் அமிலங்களுக்கு உரிய 785 செ.மீ⁻¹ முகட்டைக் கொண்டு வரையுங்கள். லேசரின் 785 நானோமீட்டரோடு அதற்குத் தொடர்பில்லை, எண் ஒத்துப்போவது தற்செயல். குழிமப் பகுதியிலுள்ள (உட்கருவுக்கு வெளியே உள்ள செல் பகுதி) ஆர்.என்.ஏ.வும் அம்முகட்டைத் தருவதால், 1450-இல் வரும் கொழுப்பு மிகுந்த பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உங்கள் வில்லையின் பிரிதிறன் ஏறத்தாழ 0.64 மைக்ரோமீட்டர். புள்ளிக்குப் புள்ளி நகர்த்தும் ஒவ்வொரு அடியும் அதைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தால் எந்த முகட்டைக் கொண்டு வரைந்தாலும் மங்கலாகத்தான் வரும். அடியின் அளவைத் தாங்கள் இன்னும் சொல்லவில்லை.

மென்பொருள் மணி:
அடியின் அளவு வந்ததா? எனக்கும் இதே சிக்கல் இருக்கிறது.